கடைவாய்க் கணவாய்

பல்லம்மாவுக்கும் அவளுடைய சம்பந்திக்கும் சண்டை என்று ஒன்றும் இல்லை. சண்டையாக இருந்திருந்தால் என்றாவது ஒருநாள் தீர்ந்துபோயிருக்கும். இருந்தது மரியாதை.

அவர் உள்ளே வந்தால் இவள் எழுந்து நிற்பாள். இவள் நிற்கிறாளே என்று அவர் உட்காரமாட்டார். "நீங்க உக்காருங்க", "இல்லைங்க, நீங்க முதல்ல" என்று இருவரும் சோபாவுக்கு முன்னால் கால் வலிக்க நின்றுகொண்டிருப்பார்கள். இவளுடைய வீட்டுக்காரரும் அவருடைய வீட்டம்மாவும் அப்படி இல்லை. சந்தித்த பத்தாவது நிமிஷமே முழங்கால் வலியில் தொடங்கித் தொட்டிச் செடிகளுக்குத் தாவி, பால்கனியில் நாற்காலி போட்டுக்கொண்டு கதையளக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஹாலில் மிச்சம் இந்த இரண்டு பேர்தான்.

எல்லாம் ஒரு லிஃப்டால் வந்தது. சம்பந்திக்கு லிஃப்ட் சோதிக்கிற வேலை. கட்டடம் கட்டடமாகப் போய், கயிறு தேய்ந்திருக்கிறதா, கதவு சரியாகச் சாத்துகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடும் இன்ஸ்பெக்டர். இவள் பெண்ணுக்கும் அவர் பையனுக்கும் கல்யாணம் ஆகி, பல்லம்மாவின் வீட்டுக்கு அவர் முதல் தடவை வந்தபோது, ஐந்தாவது மாடி வந்து சேர்வதற்குள் அந்த லிஃப்டில் மூன்று குறை கண்டுபிடித்துவிட்டார். வாசலில் பல்லம்மா "வாங்க, வாங்க" என்றாள். "இதோ வந்துடறேன்" என்று கீழே போனவர், லிஃப்டை நிறுத்தி, சிவப்புத் தாளில் 'பயன்படுத்தக் கூடாது' என்று எழுதி ஒட்டிவிட்டுப் படியேறித் திரும்பி வந்தார். பதினொரு நாள் லிஃப்ட் ஓடவில்லை. அந்தப் பதினொரு நாளும் படிக்கட்டில் எதிர்ப்பட்ட ஒவ்வொருவரும் மூச்சு வாங்க நின்று, "உங்க சம்பந்தி சௌக்கியமா?" என்று பல்லம்மாவைக் கேட்டார்கள்.

பல்லம்மா என்பது பல் டாக்டர்கள் வைத்த பெயர். அவர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள்; அவள் அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதித்து, பல் செட் செய்து கொடுப்பாள். இருபத்தாறு வருஷமாக அதுதான் தொழில். வேலை முடிந்து கை கழுவினால் அவளுக்கு வேறொரு உலகம். மந்திரவாதிகளும் பூதங்களும் கோட்டைகளும் நிறைந்த ஒரு வியூக கேம். நாள் நாளாகப் படையை நகர்த்தி விளையாட வேண்டும். விளையாடுவதில் அவளுக்குப் பெரிய ருசி கிடையாது. அந்த கேமோடு வரும் எடிட்டரில் சொந்தமாக மேப் செய்வதுதான் அவளுக்குப் பைத்தியம். மலை, ஆறு, ஊர் எல்லாம் வைத்த பிறகு அவற்றுக்கு உயிர் கொடுக்கிற ஈவென்டுகளை எழுத வேண்டும். படைத்தலைவி இந்தக் கட்டத்தில் கால் வைத்தால் இந்தப் பூதம் இன்னது பேசட்டும். இருபதாம் நாள் பிறந்தால் இந்த ஊர் பற்றி எரியட்டும். அது நடக்காவிட்டால் இது நடக்கட்டும். இப்படி நானூற்றுச் சொச்சம் ஈவென்டுகளை எழுதி, ஒன்றரை வருஷமாக ஒரு மேப்பை வளர்த்துக்கொண்டிருந்தாள். பெயர், கடைவாய்க் கணவாய்.

மேப் செய்கிறவர்களுக்கென்று வருஷா வருஷம் ஒரு போட்டி உண்டு. கடைசித் தேதிக்கு ஐந்து வாரம் இருந்தபோது, அவளுக்கு எப்போதும் சோதித்துக் கொடுக்கிற சிநேகிதிக்கு இரட்டைக் குழந்தை பிறந்துவிட்டது. இனி அவள் மேப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. அதே வாரம் சம்பந்தியின் கணுக்கால் எலும்பு முறிந்தது. ஒரு கட்டடத்தில் லிஃப்டை நிறுத்திச் சிவப்புத் தாளை ஒட்டிவிட்டுப் படியில் இறங்கும்போது வழுக்கி விழுந்தார். செய்தி வந்ததும் பல்லம்மா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு போய் நலம் விசாரித்தாள்.

"மாமா வீட்டுல உக்காந்துக்கிட்டு அலமாரிக் கீலை எல்லாம் எண்ணிக்கிட்டு இருக்கார்மா" என்றாள் மகள். "அத்தை அழுதுடுவாங்க போல. உன் மேப்பை அவர்கிட்ட குடேன்."

"அவருக்கு கேம்னா என்னன்னு தெரியுமா?"

"தெரியாது. ஆனா குறை கண்டுபிடிக்கத் தெரியும்."

மகளே லேப்டாப்பில் போட்டுக் கொடுத்து, எதை அழுத்தினால் என்ன என்று ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தாள். நான்காம் நாள் காலை, பல்லம்மா லேபில் ஒரு மேல் தாடைக்கு மெழுகு வழித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"வணக்கம் சம்பந்தியம்மா. தொந்தரவு பண்றேனா?"

"அதெல்லாம் இல்லைங்க. கால் எப்படி இருக்கு?"

"இருக்குங்க. ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"உங்க பாலத்துல ஒரு பூதம் நிக்குது."

"ஆமாங்க. நான்தான் நிக்க வெச்சேன்."

"ரொம்ப நல்ல பூதம். என் படைத்தலைவியைப் பார்த்துட்டு, 'தொட்டில்ல இருந்தப்போ தொலைஞ்சுபோன என் தங்கச்சி'ன்னு கட்டிப்பிடிச்சு ஒரே அழுகை. எனக்கே கண் கலங்கிடுச்சு. அண்ணன் குடுக்கிறேன்னு இருபது ஈட்டிக்காரங்களையும் குடுத்துச்சு."

பல்லம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வசனத்தை அவள் ஏழு தடவை திருத்தி எழுதியிருந்தாள்.

"பாலத்தைத் தாண்டினேன். தாண்டிட்டுத் திரும்பி வந்தேன். வேலைப் பழக்கம்ங்க, மேல போனா கீழயும் இறங்கிப் பார்க்கணும். அது மறுபடியும் கட்டிப்பிடிச்சுது. தொட்டில்ல தொலைஞ்ச தங்கச்சின்னு மறுபடியும் அழுகை. மறுபடியும் இருபது பேர்."

பல்லம்மா கத்தியைக் கீழே வைத்தாள். ஒவ்வொரு ஈவென்டுக்கும் கீழே 'ஒரே முறை' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட வேண்டும். போடாவிட்டால் அது காலம் முழுக்க நடந்துகொண்டே இருக்கும்.

"எத்தனை தடவைங்க போய் வந்தீங்க?"

"முப்பத்தோரு தடவை. இப்போ எங்கிட்ட அறுநூத்தி இருபது ஈட்டிக்காரங்க நிக்கிறாங்க. ஒரு குடும்பத்துல இவ்வளவு பாசம் தாங்காதுங்க சம்பந்தியம்மா. அதான் சொல்லலாம்னு..."

போனை வைத்த பிறகு அவளுக்கு முதலில் வந்தது கோபம். பாலத்தைத் தாண்டினோமா, போர்க்களத்துக்குப் போனோமா என்று இல்லாமல் எந்த மனுஷன் முப்பத்தோரு தடவை திரும்பி நடப்பான்? அப்புறம் அந்தப் பூதம் முப்பத்தோராவது தடவையும் தேம்பித் தேம்பி அழுவது மனக்கண்ணில் வந்தது. மெழுகுத் தாடையை மடியில் வைத்துக்கொண்டு, மேஜையில் தலையைக் கவிழ்த்து, தோள் குலுங்கச் சிரித்தாள்.

அன்று சாயங்காலமே எழுத்துமூலமாகவும் வந்துவிட்டது, லிஃப்ட் சோதனை அறிக்கையின் வடிவத்திலேயே. குறைபாடு எண் ஒன்று, இடம்: பாலம். ஆபத்தின் அளவு: பூதத்துக்கு மன உளைச்சல். எண் இரண்டு, மில்லுக்கார அம்மாள், மகனைக் காப்பாற்றுவதற்கு முன்பே காப்பாற்றியதற்கு நன்றி சொல்கிறார். அவருக்கு எப்படித் தெரியும்? எண் மூன்று, கல்லறைப் பேய், பக்கத்தில் யாருமே இல்லாதபோதும் 'யார் அங்கே' என்று தினமும் கேட்கிறது, தனிமையாக இருக்கலாம். அறிக்கை பதினேழு வரை போயிற்று. அடியில் 'என்றும் தங்கள்மேல் மரியாதையுடன்' என்று கையெழுத்து.

பல்லம்மா பதினேழையும் சரிசெய்தாள். அவர் இன்னும் இருபத்திரண்டு அனுப்பினார். அதையும் சரிசெய்தாள். காலையில் கண் விழித்தால் பல் தேய்ப்பதற்கு முன்பே போனைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. ஒருநாள் அறிக்கை வரவில்லை என்றதும் தவித்துப் போய் அவளே கூப்பிட்டாள்.

"டிராகன்கிட்ட வந்துட்டேங்க" என்றார் சம்பந்தி. குரல் இறங்கியிருந்தது. "குகை வாசல்ல எழுதியிருக்கு, அதுக்குக் கடைவாய்ப் பல் வலின்னு."

"ஆமாங்க. அந்த வலியிலதான் ஊரை எல்லாம் எரிக்குது. அதை அடிச்சு ஜெயிச்சா மேப் முடிஞ்சுடும்."

"பல்லு வலிச்சா பல்லைத்தானே பிடுங்கணும். ஆளையே முடிக்கச் சொல்றீங்களே."

இருபத்தாறு வருஷம் வாய்க்குள்ளேயே குடியிருந்தவளுக்கு இது தோன்றவில்லையே என்று காது மடல் சூடாகிவிட்டது.

"கடைசித் தேதிக்கு ஒன்பது நாள்தாங்க இருக்கு" என்றாள்.

"நான் எங்கேயும் போகப்போறதில்லை. கால்தான் கட்டுல இருக்கே."

அதிலிருந்து அவள் ஒரு நிலையில் இல்லை. பல் பிடுங்கும் காட்சிக்கு வேண்டிய ஈவென்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக மண்டைக்குள் வந்து விழுந்தன. கயிற்றை மில்லுக்கார அம்மாள் கொடுக்கட்டும். இழுப்பதற்குப் பன்னிரண்டு குள்ளர்கள். ஒரு டாக்டர் போனில், "அந்தக் கீழ் செட் எப்போ ரெடியாகும்?" என்று கேட்டதற்கு, "வாலை யார் பிடிச்சுக்கறதுன்னுதான் தெரியலை" என்று பதில் சொன்னாள். பிறகு டாக்டர், "நாளைக்குக் கூப்பிடறேன்" என்று மெதுவாக வைத்துவிட்டார்.

போனில் பேசித் தீரவில்லை என்று லேப்டாப்பை எடுத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்கே போனாள். அவர் கட்டுப்போட்ட காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டிராகன் எடை என்னங்க?"

"அதெல்லாம் யோசிக்கலைங்க."

"யோசிக்கணும். ஒத்தைக் கயிறு தாங்காது. எட்டுப் புரி வேணும்."

"இது மந்திரக் கயிறுங்க."

"மந்திரக் கயிறா இருந்தாலும் எட்டுப் புரி வேணும். சரி, டிராகனுக்கு மொத்தம் எத்தனை பல்?"

"முப்பத்திரண்டு. எனக்கு அதுதான் பழக்கம்."

வாலைப் பிடிக்க பாலத்துப் பூதமே வரட்டும் என்று முடிவானது. பல் வந்ததும் 'டிராகனுக்கு இனி முப்பத்தொரு பல்' என்று செய்தி வர வேண்டும் என்றாள் பல்லம்மா. அதற்காகவே எண்ணிக்கையில் ஒன்றைக் கழிக்கும்படி எழுதினாள். பிடுங்கியதும் டிராகன் என்ன சொல்லும் என்பதில்தான் தகராறு. அவர் நீளமாக ஒரு நன்றியுரை வேண்டும் என்றார். வாயில் ரத்தத்தோடு யாரும் உரையாற்ற மாட்டார்கள் என்று இவள் சொன்னாள். அவர் கையை நீட்டித் தானே தட்டச்சு செய்யப் பார்த்தார். மகள் மாமனாருக்குப் பழம் வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தது அந்த நேரத்தில்தான்.

"யோவ் சம்பந்தி, கையை எடுங்க" என்றாள் பல்லம்மா.

மகள் பழப் பையோடு அப்படியே பின்வாங்கி, வாசலுக்கு வந்து புருஷனுக்குப் போன் போட்டாள்.

"உங்கப்பாவை எங்கம்மா யோவ்னு கூப்பிட்டுட்டாங்க."

"அப்பா என்ன பண்ணார்?"

"கையை எடுத்துட்டார்."

கடைசித் தேதிக்கு முந்தின நாள் சம்பந்தி முழு மேப்பையும் விளையாடி, 'குறைபாடு: இல்லை' என்று அறிக்கை அனுப்பினார். பல்லம்மா அதைப் பத்து தடவை படித்தாள். மறுநாள் காலை, அனுப்புவதற்குச் சற்று முன், டிராகனின் நன்றியில் ஒரு வார்த்தை உறுத்தியது. பல் பிடுங்கும் ஈவென்டை அப்படியே பிரதி எடுத்து, வார்த்தையை மாற்றி, பழையதை அழித்துவிட்டு அனுப்பிவைத்தாள். அவ்வளவுதான் செய்தாள்.

இறுதிச் சுற்றுக்கு ஐந்து மேப்புகள் தேறின. திரையில் காட்டும் வரிசையில் கடைவாய்க் கணவாய் நான்காவது. ஞாயிற்றுக்கிழமை மதியம், நூலகத்து மாடி ஹாலில், அறுபது எழுபது பேர் முன்னால், போன வருஷம் ஜெயித்த ஆம்புலன்ஸ் டிரைவரம்மா ஒவ்வொரு மேப்பின் கடைசிப் பகுதியையும் பெரிய திரையில் விளையாடிக் காட்ட வேண்டும். ஓரமாக மூன்று நடுவர்கள். பல்லம்மாவின் குடும்பம் மொத்தமும் மூன்றாவது வரிசையில் இருந்தது. சம்பந்தி ஊன்றுகோலை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

டிரைவரம்மா குகையை அடைந்தார். எட்டுப் புரிக் கயிறு, பன்னிரண்டு குள்ளர்கள், வாலை அணைத்துக்கொண்டு பூதம். நாள் பிறந்தது. குள்ளர்கள் ஐலசா போட்டார்கள். பல் பறந்து வந்து விழுந்தது. 'டிராகனுக்கு இனி 31 பல்.' டிராகன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, 'அப்பாடா, இப்போ பரவாயில்லை' என்றது. ஹால் கைதட்டியது. பல்லம்மாவின் வீட்டுக்காரர் அவள் கையைப் பிடித்து அழுத்தினார்.

மறுநாள் பிறந்தது. குள்ளர்கள் ஐலசா போட்டார்கள். 'டிராகனுக்கு இனி 30 பல்.' 'அப்பாடா, இப்போ பரவாயில்லை.'

பிரதி எடுத்தால் 'ஒரே முறை' டிக் போய்விடும். பிரதி எடுத்தால் டிக் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும், ஊருக்கே அவள்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பல் பிடுங்கி முடிந்தால்தான் மேப் முடியும். இது முடிந்தால்தானே?

டிரைவரம்மா திரும்பிப் பார்த்தார். "இது தப்பா, இல்ல இப்படித்தானா?"

நடுவர்கள் பேனாவை எடுத்தார்கள். பல்லம்மாவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் ஊன்றுகோல் தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. சம்பந்தி எழுந்து நின்றிருந்தார்.

"நான்தாங்க இதைச் சோதிச்சவன். முப்பது வருஷமா சோதனை பண்றதுதான் என் தொழில்" என்றார், கையெழுத்துப் போடும்போது இருக்கிற அதே முகத்தோடு. "இது இப்படித்தான். நாளைத் தள்ளுங்க."

டிரைவரம்மா நாளைத் தள்ளினார். இருபத்தொன்பது. இருபத்தெட்டு. இருபத்தைந்தில் யாரோ சத்தமாக எண்ண ஆரம்பித்தார்கள். இருபதுக்குள் ஹால் முழுக்க எண்ணியது. ஒவ்வொரு நாளும் டிராகன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நெகிழ்ந்தது. பத்தில் ஒரு நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்று, இரண்டு, ஒன்று. 'டிராகனுக்கு இனி 0 பல்.' ஹால் அடங்கிவிட்டது. அடுத்து என்ன என்று எல்லோரும் பல்லம்மாவைப் பார்த்தார்கள். அடுத்து என்ன என்று அவளுக்கும் தெரியாது.

டிரைவரம்மா அழுத்தினார்.

'டிராகனுக்கு இனி -1 பல்.' 'அப்பாடா, இப்போ பரவாயில்லை.'

நாற்காலிகள் கிறீச்சிட்டன. பின்வரிசையில் ஒருவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். டிரைவரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மேடம், மைனஸ் ஒரு பல்னா என்னங்க?" என்று கேட்டார்.

இது தொழில் கேள்வி. பல்லம்மாவுக்கு நாக்கு தானாகப் பிரிந்தது.

"குழிங்க" என்றாள். "பல்லைப் பிடுங்கின இடத்துல ஈறுல குழி இருக்கும். அதை எண்ணுது."

நேரம் முடிந்து மணி அடித்தபோது டிராகனுக்கு மைனஸ் ஒன்பது பல். அதற்கு மேல் அன்று யாரும் எதையும் ஒழுங்காகப் பேசவில்லை.

இரண்டாம் பரிசு கிடைத்தது. 'ஒரே நகைச்சுவையைப் பொறுமையாக வளர்த்துச் சென்ற துணிச்சல்' என்று நடுவர்கள் எழுதியிருந்தார்கள். மேடையில் மைக்கைக் கையில் வாங்கியதும் பல்லம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "உண்மையைச் சொல்லிடறேன். நான் ஒரு டிக் போட மறந்துட்டேன்" என்றாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "இல்லைங்க, நிஜமாவே" என்றாள். இன்னும் பலமாகச் சிரித்தது. ஒருவரும் நம்பவில்லை.

சம்பந்தியின் காலுக்காக மாப்பிள்ளை ஒரு வேனை இரவல் வாங்கி வந்திருந்தார். எல்லோரும் அதிலேயே வீடு திரும்பினார்கள்.

"பொய் சொன்னீங்களே" என்றாள் பல்லம்மா.

சம்பந்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "லிஃப்ட்டுன்னா சொல்லியிருக்க மாட்டேன்" என்றார். "அதுல மனுஷங்க ஏறி இறங்கறாங்க. இதுல யாருக்கு என்ன ஆகப்போவுது?" கொஞ்சம் யோசித்தார். "டிராகனைத் தவிர."

அவருடைய வீட்டம்மாதான் முதலில் வெடித்தார். அடுத்தது மகள். பல்லம்மாவின் வீட்டுக்காரர் "குழிங்க" என்று அவளைப் போலவே சொல்லிக் காட்டினார். அத்தோடு மாப்பிள்ளைக்குக் கண்ணில் நீர் முட்டி ரோடு தெரியாமல் போய், வேனை ஓரம் கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் தலை சாய்த்துக்கொண்டார். ஆறு பேரும் சிரித்ததில் வேன் ஆடியது. சம்பந்தி சிரித்து ஒருவரும் பார்த்ததில்லை. அவர் சத்தமே இல்லாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஊன்றுகோலால் தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரர் நடந்து வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"என்ன பிரச்சனை?"

"ஒண்ணுமில்லைங்க" என்றார் சம்பந்தி, முகத்தைச் சரிசெய்துகொண்டு. "ஒரு டிராகனுக்குப் பல்லு..." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. பல்லம்மா உதவிக்கு வாயைத் திறந்தாள். அவளாலும் முடியவில்லை.

போலீஸ்காரர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். வண்டிக்குள் முகர்ந்து பார்த்தார். காத்திருந்தார். அவருடைய உதட்டோரமும் லேசாக இழுத்துக்கொண்டது.

"சிரிச்சு முடிச்சுட்டு எடுங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த வண்டியைப் பார்க்கப் போனார்.